பொன்னுருவியின் வாசலில் கர்ணன்

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இன்று பிரயாணம் செய்கிறவர்களுக்கு, இருமருங்கிலும் மதில் சூழ்ந்து நிற்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளும், டயரும் கண்ணாடியும் கைப்பேசியும் செய்யும் ஆலைகளும், ஷிப்ட் மாறும் வேளையில் வரிசையாக ஊர்ந்துவரும் கம்பெனி பஸ்களுமே கண்ணில் படும். அந்த மதில்களுக்குப் பின்னால் ஏரிகளும், ஏரிக்கரைகளின்கீழ் ஊர்களும், ஊர்க் கோடியில் திரௌபதி அம்மன் கோயில்களும், அவற்றின் முன்னே பாரதக் கூத்து ஆடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக விடப்பட்ட வெட்டவெளிகளும் இருக்கின்றன என்பதை வழிப்போக்கர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அத்தகைய ஊர் ஒன்றில் பிறந்து, அருகிலேயே தமிழாசிரியனாக உத்தியோகம் பார்த்து, அங்கேயே முதுமையும் எய்திவிட்ட எனக்கு, ஸோபோக்ளிஸையும் ஷேக்ஸ்பியரையும் படித்து அனுபவிக்கும் பாக்கியம் பிற்காலத்தில் வாய்த்தது. ஆயினும் சோக நாடகம் என்பது யாது, ஒரு பாத்திரத்தின் குணமே அதற்கு விதியாக மாறுவது எவ்வாறு, அன்பு உரிய காலத்தில் வராமற்போனால் அதன் விலை என்ன என்பவற்றையெல்லாம் எனக்கு முதன்முதல் கற்பித்தது, எங்கள் ஊர்க் களரியில் விடிய விடிய நடந்த ‘கர்ண மோட்சம்’ என்னும் கூத்துதான்.

காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலைப் பிரதேசங்களில் பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை பாரத விழாக் காலம். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூராழ்வாரின் செய்யுட்களை எடுத்து ஓதி, ஆர்மோனிய சுருதியோடு கதை விரித்துச் சொல்வார். பகலில் சொற்களாகச் செவியில் விழுந்த அதே கதை, இரவில் கிரீடமும் சலங்கையும் அணிந்துகொண்டு கண்ணெதிரே வந்து நிற்கும். திரௌபதி கல்யாணத்தில் தொடங்கி, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை என்று ஓரோர் இரவும் ஒரு நாடகமாக நடந்து, பதினெட்டாம் போரில் முடியும். மறுநாட் காலை களிமண்ணால் தரையில் சமைத்த துரியோதனன் உருவத்தின்மீது படுகளம் நடந்து, மாலையில் ஜனங்கள் தீ மிதிப்பார்கள். இந்த வரிசையில் பதினெட்டாம் போருக்கு முன்னால் வருவது கர்ண மோட்சம். அதனைப் புகழேந்திப் புலவர் இயற்றியதாகச் சொல்வது மரபு. சென்னைக் கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் திருவிழாக் கடைகளில் விற்ற மெல்லிய புத்தகங்களின் வாயிலாகவே இத்தகைய நாடகங்களின் ஏடு எழுத்தறிந்தவர் கைக்கெல்லாம் வந்து சேர்ந்தது. ஹன்னே எம். தெ ப்ருய்ன் என்னும் டச்சு அறிஞர் இந்த நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 1998இல் புதுச்சேரியில் வெளியாயிற்று.

நான் முதன்முதல் இதைக் கண்டது சிறுவனாயிருந்தபோது, என் ஆயாவின் மடியருகே ஒரு கோரைப் பாயில் உட்கார்ந்து. மின்சாரம் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோதிலும் களரிக்கு வந்திருக்கவில்லை. மூங்கிற் கழிகளில் தொங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் ஒளியில், இருவர் ஆளுக்கொரு முனை பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் முதலில் குரலாக மட்டும் வந்தான். பிறகு திரைக்குமேல் கிரீடத்தின் உச்சி தெரிந்தது. திரைக்குக்கீழ் சலங்கை கட்டிய பாதங்கள் தெரிந்தன. முகவீணை கீச்சிட்டு உச்ச ஸ்தாயியில் ஏற, மிருதங்கமும் டோலக்கும் கதி மாற, பின்பாட்டுக்காரர்கள் அவன் பாட்டின் கடைசி அடியை வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் பாட, திரை விலகியதும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டைகளும் மார்புப் பதக்கமும் ஒளிவீச, அவன் களரியை வலமாகச் சுற்றிக் கிறுக்கி அடித்து வந்த வேகத்தில் முன்வரிசைச் சிறுவர்கள் பின்னுக்குச் சாய்ந்தோம். மானிடர் ஒருவர் அரிதாரம் பூசிக்கொண்டு ஆடுகிறார் என்ற எண்ணம் எங்களில் எவனுக்கும் எழவில்லை.

அன்றைய இரவில் நான் ஆவலோடு எதிர்பார்த்திருந்தது யுத்தத்தைத்தான். ஆனால் கர்ண மோட்சத்தில் யுத்தம் நடுநிசிக்கு வெகுநேரம் கழித்தே வரும். துரோணர் மாண்டபின் சேனாதிபத்தியம் யாருக்கு என்று துரியோதனன் சபையில் கலங்கி நிற்பதும், கர்ணன் அந்தப் பாரத்தை ஏற்பதும், தனக்குச் சாரதியாகச் சல்லியனையே வேண்டுவதும், மத்திர தேசத்து மன்னனாகிய சல்லியன் தேரோட்டி வளர்த்தவனுக்குத் தான் தேரோட்டுவதா என்று கொதிப்பதும் ஆகிய காரியங்களெல்லாம் விருத்தமும் தருவும் வசனமுமாக விஸ்தாரமாக நடக்கும். சபைக்குள் கர்ணன் பேசும் தமிழ் வேறு. செய்யுளின் எதுகையும் மோனையும் வசனத்திலும் தொடர்ந்து வர, மகாராஜன், பராக்கிரமன், சத்திய வாசகன் என்று அடைமொழிகள் அடுக்கி அவன் முழங்குவதைக் கேட்கையில், பொருள் முழுதும் விளங்காத பாட்டிகளுக்கும் சிறுவர்களுக்கும்கூட ஓசையினாலேயே ஒரு கம்பீரம் மனத்தில் பதியும். விளங்காத இடங்களைக் கோமாளியாகிய கட்டியங்காரன் குறுக்கே புகுந்து எங்கள் ஊர்ப் பேச்சில் கேள்வியாகக் கேட்டு விளக்கச் செய்வான். உயர்ந்த மொழியும் ஊர் மொழியும் இவ்வாறு ஒரே களரியில் தோளுரசி நடப்பது கூத்தின் இலக்கணம். அந்த இலக்கணம் ஒரு மனித ஹிருதயத்தைத் திறந்துகாட்டும் கருவியாகவே மாறுகிற இடம், கர்ணன் தன் மனைவியிடம் விடைபெறச் செல்லும் காட்சி.

அவள் பெயர் பொன்னுருவி. வியாசரின் பாரதத்தில் அவளைத் தேடினால் அகப்படமாட்டாள். தமிழ்நாட்டு ஜனங்கள் கர்ணனுக்கென்று தாங்களே தேடிக் கொடுத்த மனைவி அவள். அவள் பேரால் ‘பொன்னுருவி மசக்கை’ என்று தனியே ஒரு கதைப்பாட்டும் பெரிய எழுத்துப் புத்தகமாக வழங்கிவந்திருக்கிறது. அரசகுலத்துப் பெண்ணாகிய அவள், தன்னை மணந்தவன் தேரோட்டியின் மகன் என்ற நினைப்பை விழுங்கவும் முடியாமல் உமிழவும் முடியாமல் இத்தனை வருஷங்கள் ஒரே மாளிகையில் வாழ்ந்து வந்திருக்கிறாள். நாளைப் பொழுது யுத்தம். திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆகையால் கர்ணன் அவள் வாசலில் வந்து நிற்கிறான். ஜமாவுக்கு ஜமா, அதாவது கூத்துக்குழுவுக்குக் குழு, இந்தக் காட்சியின் விவரங்கள் மாறும். நான் கண்ட விதத்தில் சொல்லுகிறேன். அவன் அழைக்கிறான், உள்ளேயிருந்து பதில் இல்லை. மீண்டும் அழைக்கிறான், தோழியின் மூலமாக ஓர் அலட்சிய வார்த்தை வருகிறது. கடைசியில் அவள் வெளிவந்து, சூதன் என்னும் சொல்லை மறைத்தும் மறைக்காமலும் வைத்துப் பேசுகிறாள். சபையில் இடிபோல் முழங்கிய கர்ணனுடைய தமிழ் அப்பொழுது கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது. அடைமொழிகள் முதலில் உதிர்கின்றன. பின்பு எதுகை உதிர்கிறது. முடிவில், வயல் வேலை முடிந்து வீடு திரும்பிய எங்கள் ஊர்க் குடியானவன் எவனும் தன் பெண்ஜாதியிடம் பேசுகிற பேச்சே எஞ்சி நிற்கிறது.

அந்தப் பேச்சில் அவன் தன் பிறப்பைச் சொல்லுகிறான். குந்தி தன்னிடம் வந்ததையும், தான் சூரியனுடைய அனுக்கிரகத்தால் அவள் கன்னிப் பருவத்தில் பிறந்தவன் என்பதையும், பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்டதையும் சொல்லுகிறான். கேட்ட மாத்திரத்தில் பொன்னுருவி அவன் காலில் விழுகிறாள். இத்தனை காலம் பூட்டிக் கிடந்த அன்பெல்லாம் ஒரே சமயத்தில் உடைத்துக்கொண்டு வருகிறது. தான் கண்ட தீய கனவுகளை அழுதழுது சொல்லி, போகவேண்டாம் என்று தடுக்கிறாள். அவனோ, சோறிட்டவனுக்குச் செய்யவேண்டிய கடனைச் செய்யாமல் இருக்கவியலாது என்கிறான். அவள் விட மறுக்கிறாள். அவன் இரண்டடி போய்த் திரும்புகிறான். மறுபடியும் இரண்டடி போகிறான். அந்தப் போக்கும் திரும்பலும் அன்றிரவு அத்தனை நேரம் நீண்டன. பெண் வேஷம் கட்டியிருந்தவர் மீசை மழித்த நடுவயது ஆண்பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் களரியைச் சுற்றியிருந்த பெண்களில் மூக்கைச் சிந்தாதவர் ஒருவரும் இல்லை. என் ஆயா மாத்திரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “தேரோட்டி புள்ளைன்னு தள்ளி வெச்சாளே, அதுக்குத்தான் இந்த அழுவ” என்று எனக்குச் சொன்னாள்.

ஆயா சொன்ன வாக்கியத்துக்குள் இருந்த விமரிசனம் முழுவதும் எனக்குப் புலப்படப் பல ஆண்டுகள் சென்றன. கர்ணனுடைய குணத்தை எண்ணிப் பாருங்கள். கவசகுண்டலத்தைக் கேட்டவனுக்கு அறுத்துக் கொடுத்தவன் அவன். பிறப்பின் ரகசியத்தைக் கண்ணன் வாயாலேயே கேட்டறிந்த பிறகும், மூத்தவனென்ற உரிமையால் அரசே கைக்கு வரும் என்றறிந்த பிறகும், அந்தப் பிறப்பை ஒரு துரும்பாக மதித்துத் துரியோதனன் பக்கமே நின்றவன் அவன். தான் உயிரோடிருக்கும்வரை இது வெளிப்படலாகாது என்று பெற்றவளிடமே கேட்டுக்கொண்டவன் அவன். நண்பனிடமும் சொல்லவில்லை, சபையில் இழித்துரைத்தவர்களின் வாயை அடைப்பதற்காகவும் சொல்லவில்லை. அத்தகையவன், ஆயுள் முழுவதும் கொடுத்தே பழகியவன், யாசகனாக ஒரு வாசலில் நின்றான் என்றால் அது இந்த ஒரு வாசல்தான். யாசித்தது மனைவியின் ஒரு கனிந்த பார்வை. அதற்கு விலையாக அவன் கொடுத்தது, எந்தப் பிறப்பைத் துரும்பென்று எறிந்தானோ அந்தப் பிறப்பையேதான். ராஜ்யத்துக்காகக் காட்ட மறுத்த அத்தாட்சியை அன்புக்காகக் காட்ட நேர்ந்ததே, அங்கேதான் கர்ணன் வீழ்கிறான் என்பது என் துணிபு. அர்ச்சுனனுடைய அம்பு பிற்பாடு வந்து தைப்பது, ஏற்கெனவே காயப்பட்ட ஒரு மார்பில்.

அந்த நாடகத்தைக் கண்ட காலத்தையொட்டித்தான் பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ படமும், 1964இல் வெளியாகிப் பட்டணங்களை வலம்வந்தபின், எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்ந்தது. சிவாஜி கணேசனின் கர்ணனையும் என். டி. ராமராவின் கண்ணனையும் கண்டு மெய்ம்மறந்தோம். அதில் தேவிகா ஏற்ற சுபாங்கி, கணவனுடைய பிறப்பைப் பாராட்டாமல் அவனை நேசிப்பவள். இழிவுபடுத்துகிறவர் அவளுடைய தகப்பனார். வெள்ளித்திரை கர்ணனுக்கு வீட்டிலாவது ஒரு நிழலைக் கொடுத்தது. கூத்து அந்த நிழலையும் கொடுக்க மறுத்தது. கலாசாலையில் பயின்ற நாட்களில், திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி 1912 முதல் பதிப்பித்த பாஸ நாடகங்களைப் பற்றி ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டு, ‘கர்ணபாரத்’தின் பொழிப்பைத் தேடிப் படித்தேன். அங்கும் கர்ணன் போர்க்களத்துக்குப் போகிறான், சல்லியன் உடனிருக்கிறான், அந்தணனாக வந்த இந்திரன் பிராகிருதத்தில் யாசிக்க, கர்ணன் சமஸ்கிருதத்தில் வழங்குகிறான். பாத்திரத்துக்கு ஏற்ப மொழியைப் பிரிக்கும் அந்தச் சாதுரியத்தை வியந்தேன். எனினும் அந்த நாடகத்தில் ஒரு பெண் குரலும் கேட்கவில்லை. ஹோமரின் இலியத்தில், ஆறாம் சர்க்கத்தில், ஹெக்டர் தன் மனைவி அந்த்ரோமகேயிடம் விடைபெறும் கட்டத்தைப் படித்தபோதுதான் பொன்னுருவி நினைவுக்கு வந்தாள். அங்கும் மனைவி தடுக்கிறாள். அங்கும் கணவன் மானத்தின் பொருட்டு மீறிச் செல்கிறான். தகப்பனுடைய தலைச்சீராவின் பிடரிமயிர் கண்டு குழந்தை வீரிட, பெற்றோர் இருவரும் அத்துயரத்தின் இடையே சிரிக்கிறார்கள். ஆனால் அந்தத் தம்பதிகளுக்கு நினைத்துக்கொள்ள ஓர் இல்வாழ்க்கை இருந்தது. கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் வாய்த்த தாம்பத்தியமோ, அந்த வாசற்படியில் தொடங்கி அந்த வாசற்படியிலேயே முடிந்துபோன தாம்பத்தியம். உலக இலக்கியத்தில் இதனினும் குறுகிய காதற்காலத்தை நான் படித்ததில்லை.

யுத்தம் முடிந்து, தேர்ச்சக்கரம் புதைந்து, கர்ணன் அம்பு தைத்துக் கிடக்கும்பொழுது வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். கிழவேதியனாக வந்த கண்ணனுக்கு அவன் தன் புண்ணியம் அனைத்தையும் உதிரத்தோடு தாரை வார்த்துக் கொடுக்கிறான். குந்தி ஓடிவந்து அவனை மடியில் கிடத்திக்கொண்டு, மகனே என்று ஊரறியக் கதறுகிறாள். அந்தக் கதறலிலிருந்தே பாண்டவர் தம் அண்ணனை அறிகின்றனர். கூத்து வாத்தியார்கள் நேரத்தை வெகு நுட்பமாகக் கணக்கிடுகிறவர்கள். கர்ணன் பிராணன் பிரியவும் கிழக்கே சூரியன் புறப்படவும் சரியாக இருக்கும். மகனைப் பறிகொடுத்த தந்தை வானத்தில் ஏறிவருவதை ஊரார் எல்லோரும் முகம் திருப்பிப் பார்த்ததை நான் அறிவேன். கொட்டகைக்குள் ஆடும் எந்த நாடகத்துக்கும் இந்தப் பாத்திரத்தை மேடையேற்றும் வசதி இல்லை.

விழாக் காலத்துக்கு வெளியேயும் கர்ண மோட்சம் ஆடுவதுண்டு. எங்கள் பக்கத்தில் வசதிக்கேற்ப, ஒருவர் இறந்த கருமாதிக்கு முந்தின இரவு, அவர் வீட்டு வாசலிலேயே இந்தக் கூத்தை வைப்பார்கள். கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் அவருக்கும் கிடைக்கும் என்பது நம்பிக்கை. என் பெரியப்பா காலமானபோது அப்படி ஒரு கூத்து நடந்தது. பெரியப்பா ஏரிப்பாசன நிலம் கொஞ்சம் வைத்துக்கொண்டு, அதிகம் பேசாமல், பிறர் வயலுக்கும் முகம் சுளிக்காமல் மடைதிருப்பி விட்டுவந்த மனிதர். பெரியம்மா காஞ்சிபுரத்தில் நெசவு வியாபாரத்தில் செழித்து நொடித்துப்போன வீட்டிலிருந்து வந்தவர். தாழ்ந்த இடத்தில் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்ற எண்ணம் அவரைவிட்டு அகலவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. சோறு வேளைக்கு வரும், சொல் வராது. பெரியப்பா சந்தைக்குப் போனால் பூ வாங்கிவந்து விளக்குமாடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அதைப் பெரியம்மா எடுத்துச் சாமி படத்துக்குச் சார்த்துவாரே தவிரத் தாம் சூடிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றிரவு பெரியம்மா திண்ணையின் உட்புறம், கதவோரமாக, பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பொன்னுருவி கர்ணனுடைய காலில் விழுந்து எழும்பாமல் கிடந்த சமயத்தில், முகவீணை ஒருகணம் ஓய்ந்தபோது, “இப்ப கால்ல உழுந்து இன்னாத்துக்கு ஆவும்?” என்று அவர் குரல் உரக்கக் கேட்டது. அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். களரியில் வேஷம் கட்டியிருந்தவர் கைதேர்ந்த கலைஞர்; அந்த வார்த்தையை அவர் வீணாக விடவில்லை. தரையில் கிடந்தபடியே, “ஆமாந் தாயே, ஒண்ணுத்துக்கும் ஆவாது, ஆனா உழாம இருக்க முடியலியே” என்று பொன்னுருவியின் குரலிலேயே பதில் சொன்னார். ஏட்டில் இல்லாத வசனம் அது. பெரியம்மா அதன்பின் அழுத அழுகையைப் பதினாறு நாளும் அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. மறுநாள் காரியமெல்லாம் முடிந்து ஜமாவினர் புறப்படுகையில், அவர் அந்தக் கலைஞரை அழைத்து, மரக்கால் அரிசியும் தம் பெட்டியிலிருந்து ஒரு கட்டாத பட்டுப்புடவையும் கொடுத்தார். தத்துவப் புத்தகங்கள் சோகத்தினால் உள்ளம் தூய்மை பெறுகிறது என்கின்றன. அதனை நான் கண்ணாரக் கண்டேன்.

இவையெல்லாம் நடந்த நிலம் இன்று அடையாளம் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. சுங்குவார்சத்திரமும் வல்லம் வடகாலும் உலகத்தார் வாயில் நுழையும் பெயர்களாயின. எங்கள் பெரியப்பாவின் வயலும் அந்த மாறுதலில் ஒரு பகுதியாகிவிட்டது. நான் அதற்காகப் புலம்பவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்த ஆலைகளால் அடுப்பு எரிகிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று 2024இல் திறந்த விடுதிக் கட்டடங்களைக் காணும்போது, எங்கள் ஆயாக்களின் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள தூரத்தை எண்ணி மனம் மகிழ்கிறது. கூத்தும் முற்றும் அழிந்துவிடவில்லை. புரிசைத் தம்பிரான் பரம்பரையினரின் ஆட்டத்தை நாடகாசிரியர் ந. முத்துசாமி போன்றவர்கள் நகரத்தாருக்கு உணர்த்தினார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே தெ ப்ருய்னும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண் குழந்தைகளும் முறையாகப் பயின்று களரிக்கு வந்தார்கள்.

சமீபத்தில் பக்கத்து ஊரில் கண்ட கர்ண மோட்சத்தில், களரியின் ஓரமாக இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த இளைஞர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றிருந்தார்கள். ஒடியா பேசுகிறவர்களும் இந்தி பேசுகிறவர்களும், விழுப்புரத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்த நம் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். கட்டியங்காரன் கர்ணனைச் சுற்றிவந்து, “ராஜா, அங்க தேசத்துல உங்களுக்கு வேல பர்மனென்டா, கான்ட்ராக்டா?” என்று கேட்டான். களரி அதிர்ந்தது. கர்ணன் நிதானமாக, “சேத்துவுட்டவன் உசுரோட இருக்கிறமட்டும்” என்றான். அடுத்த கணத்தில் அந்த இளைஞர்களின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனதைக் கண்டேன். ஒருவனுடைய தயவினால் மாத்திரமே தனக்கு ஓர் இடம் என்ற நிலைமையின் வேதனையை அவர்களுக்கு வில்லிபாரதம் படித்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களில் ஒருவன், தென்மாவட்டத்துப் பிள்ளை, என்னிடம் படித்த மாணவன் ஒருவனோடு வேலை செய்கிறவன், கூத்து முடிந்து நடந்துவருகையில் ஒரு சங்கதி சொன்னான். வாடகைக்கு அறை தேடிப் போன வீட்டில், ஆதாரும் கம்பெனி அட்டையும் பார்த்துத் திருப்தியடைந்த வீட்டுக்காரர், கடைசியில் மிகவும் மரியாதையாக, “ஊர்ல நீங்க எந்தத் தெரு தம்பி?” என்று விசாரித்தாராம். அவன் தெருவைச் சொன்னான். அறை முந்தின நாளே பேசி முடிந்துவிட்டதாக அவர் சொன்னாராம். உலகத்துக்கெல்லாம் வாகனம் செய்து கப்பலேற்றும் ஊரில், மனிதன் இன்னும் தெருவைச் சொல்லித்தான் படியேற வேண்டியிருக்கிறது. இதே மண்ணில்தான் 1017இல் ராமானுஜர் அவதரித்தார். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சிநம்பியை, குலம் பாராமல், அவர் குருவாகக் கொண்டாடினார் என்றும், நம்பி வந்து உண்டு சென்ற இடத்தைத் தம் மனைவியார் கழுவித் தூய்மை செய்தது கண்டு உள்ளம் நொந்தார் என்றும் குருபரம்பரை கூறுகிறது. ஆயிரம் வருஷங்களாகச் சொல்லப்பட்டுவரும் கதை. சொல்லியும் தீராத பாடம்.

கர்ணன் கதையில் பிறப்பை விசாரிக்காமல் அன்பு செய்தவர் எவர் என்று யோசித்துப் பார்த்தால், முதலில் நிற்பவள் ராதை. ஆற்றில் மிதந்துவந்த பெட்டியை அதிரதன் கொண்டுவந்து கொடுத்தபோது, யார் பெற்ற பிள்ளை என்று அறியாமலே மார்போடு அணைத்துக்கொண்ட தேரோட்டி மனைவி அவள். பொன்னுருவியின் அன்பு பிறப்பைக் கேட்டறிந்தபின் வந்தது; குந்தியின் அன்பு மரணத்தைக் கண்டபின் வாய் திறந்தது; துரியோதனனுடைய நட்பிலும் உண்மையோடு ஒரு தேவை கலந்திருந்தது. ராதையினுடையதோ முதலில் அன்பாக வந்து, கடைசிவரையில் கேள்வியாக மாறாமலே இருந்துவிட்டது. ஆயினும் நான் கண்ட கர்ண மோட்சங்கள் ஒன்றிலும் ராதைக்கு வேஷம் இல்லை. நெடுங்காலம் இதை நாடகத்தின் குறையென்றே கருதிவந்தேன். இப்பொழுது, களரியைச் சுற்றியமர்ந்து கர்ணன் விழுந்தவுடன் “என் ராசா” என்று அலறும் முதிய பெண்களைப் பார்க்கையில், அந்த இடம் அவர்களுக்கென்று காலியாக விடப்பட்டதோ என்று தோன்றுகிறது. அந்தக் கிழவிகள் அவனை அரசகுமாரன் என்பதற்காக அழவில்லை.

வருகிற சித்திரையில் எங்கள் ஊர்க் கூத்துக்கு முன்னால் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ராதையைப் பற்றிப் பேசுவதாக இருக்கிறேன். ஒரு மனிதனை நேசிப்பதற்கு அவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதை, ஏரிநீர் பாய்ந்த காலத்தில் பிறந்த எங்களுக்கும் இயந்திரம் ஓடும் காலத்தில் இங்கே வந்து சேர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லப் போகிறேன். வாடகைக்கு விட அறை வைத்திருப்பவர்களும் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். அவர்களைப் பார்த்தே சொல்லப் போகிறேன்.